கேமரா யார் பக்கத்துல நிக்குது? – ஒன்பது போர்ப் படங்களும் ஒரு மெயிலும்

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

இன்னைக்கு லிஸ்ட் எபிசோட். "போர்ப் படங்கள், ஆவணப்படங்கள்ல பார்க்க வேண்டியது ஒரு பத்து சொல்லுங்க"ன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கீங்க. பத்து தேறலை, ஒன்பது இருக்கு. பேப்பர் பேனா எடுத்து வெச்சுக்கோங்க. வண்டி ஓட்டிக்கிட்டே கேக்கறவங்க எழுத வேண்டாம், ரோட்டைப் பாருங்க.

லிஸ்டுக்குப் போறதுக்கு முன்னாடி நான் ஒரு கணக்கை நேர் பண்ணணும். போன வருஷம் கேள்வி-பதில் எபிசோட்ல ஒருத்தர், "உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச போர்ப் படம் எது?"ன்னு கேட்டிருந்தார். நான் ஒரு நொடிகூட யோசிக்காம 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'னு சொன்னேன். அதுல வர்ற விசில் டியூனைக்கூட மைக்ல அடிச்சுக் காட்டினேன். கேட்டவங்களுக்கு ஞாபகம் இருக்கும், சுமாரா அடிச்சேன்.

அடுத்த வாரம் மலேசியாவுல கிள்ளான்லேருந்து ஒரு மெயில் வந்துச்சு. நம்ம ஷோவை ரெகுலரா கேக்கற ஒரு பொண்ணு. மொத்தமே நாலு வரி. "அண்ணா, அந்த ரயில் பாதை போடறதுக்குத்தான் எங்க பாட்டியோட அப்பாவை எஸ்டேட்லேருந்து கூட்டிட்டுப் போனாங்க. அவர் திரும்பி வரலை. அவர்கூட போனவங்களும் வரலை. நீங்க சொன்ன படத்துல அவங்க எந்த இடத்துல வர்றாங்க?"

எனக்கு என்ன பதில் எழுதறதுன்னே தெரியலை. படத்தை ஏழெட்டுத் தடவை பார்த்தவன் நான். இந்தக் கேள்வி எனக்கு ஒரு தடவைகூடத் தோணலை. அந்த மெயிலுக்கு நாலு மாசம் கழிச்சுத்தான் பதில் போட்டேன். இன்னைக்கு எபிசோடே அந்த நாலு மாசத்துல நான் திரும்பப் பார்த்த படங்கள்தான்.

பாலத்துல இல்லாதவங்க

முதல் படம் அதுவேதான். 1957-ல டேவிட் லீன் எடுத்தது. இரண்டாம் உலகப் போர் நேரம். ஜப்பான்காரங்க தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவுல ரயில் பாதை போடறாங்க. பிடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்ங்க ஒரு பாலம் கட்டணும். அவங்க கர்னலா அலெக் கின்னஸ் நடிச்சிருப்பார். முதல்ல "ஆபீசருங்க கூலி வேலை செய்ய மாட்டோம்"னு அடம் பிடிப்பார். அப்புறம் அவரே, எதிரிக்குக் கட்டற பாலம்ங்கறதை மறந்துட்டு, அதை ரொம்ப நல்லாக் கட்டணும்னு இறங்கிடுவார். நம்ம ஆபீஸ்லயே இப்படி ஆள் உண்டு. எதுக்கு வேலை செய்யறோம்னு கேக்காம, வேலையைப் பிரமாதமா முடிச்சுக் கொடுக்கறவங்க. அந்த ஒரு கேரக்டருக்காகவே இன்னைக்கும் இந்தப் படத்தைப் பார்க்கலாம். ஏழு ஆஸ்கர் வாங்கின படம். ஷூட்டிங் நடந்தது தாய்லாந்துல இல்லை, இலங்கைல கித்துல்கலைங்கற இடத்துல, களனி ஆத்துமேல.

இப்போ நிஜக் கதை. அந்தப் பாதை 415 கிலோமீட்டர். 1942-ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சுட்டாங்க. காடு, மலை, மழை, காலரா எல்லாத்துக்கும் நடுவுல ஒரே வருஷத்துல. வேலை செஞ்ச போர்க் கைதிங்க 60,000 பேருக்கு மேல. அதுல ஏறக்குறைய 12,000 பேர் செத்துப்போனாங்க. படம் பேசறது இவங்களைப் பத்தி.

ஆனா அந்தப் பாதைல வேலை செஞ்ச ஆசியத் தொழிலாளர்கள் ரெண்டு லட்சம் பேர் வரைக்கும் இருக்கும்னு கணக்கு சொல்றாங்க. பர்மாக்காரங்க, மலாய்க்காரங்க, ஜாவாக்காரங்க, அப்புறம் மலாயா ரப்பர் எஸ்டேட்லேருந்து போன தமிழங்க. செத்தவங்க 90,000 பேர் வரைக்கும்னு மதிப்பீடு. மதிப்பீடுன்னு ஏன் சொல்றேன்னா, இவங்களை யாரும் சரியா எண்ணி வைக்கலை. "கொஞ்ச நாள் வேலை, நல்ல சம்பளம்"னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க. ஆள் கிடைக்காதப்போ பிடிச்சுட்டுப் போனாங்க. சிப்பாய்ங்களுக்காவது அவங்களோட டாக்டருங்க கூட இருந்தாங்க, பேர் எழுதி வெச்ச லிஸ்ட் இருந்துச்சு. தாய்லாந்துல காஞ்சனபுரி கல்லறைல கிட்டத்தட்ட 7,000 சிப்பாய்ங்க வரிசையாப் படுத்திருக்காங்க. எஸ்டேட் ஆளுங்களுக்கு அந்த மாதிரி வரிசை எதுவும் கிடையாது.

படத்துல பாலம் கட்டற கூட்டத்துல இந்த ஆளுங்க இல்லை. லீன் வேணும்னே மறைச்சார்னு நான் சொல்லலை. அவர் கேமராவைக் கர்னல் பக்கத்துல வெச்சார். அங்கேருந்து பார்த்தா என்ன தெரியுமோ அதுதான் படத்துல இருக்கு.

இதுக்கு ஜோடியா ரெண்டாவது பரிந்துரை. யூடியூப்ல தமிழ்ல 'சயாம் பர்மா மரண ரயில்'னு தேடுங்க. இதைப் பத்தித் தமிழங்க எடுத்த ஆவணப்படம் இருக்கு. பிரம்மாண்டம் எதுவும் எதிர்பார்க்காதீங்க. உயிர் பிழைச்சு வந்த பெரியவங்க உக்காந்து பேசறதுதான். குவாய் பார்த்த அதே வாரத்துல இதையும் பாருங்க.

அதுலேருந்து எந்தப் போர்ப் படம் பார்த்தாலும் எனக்கு நானே ரெண்டு கேள்வி கேட்டுக்கறேன். கேமரா யார் பக்கத்துல நிக்குது? அங்க இருந்திருக்க வேண்டியவங்க யார் படத்துல இல்லை? படம் நல்லதா கெட்டதாங்கறது வேற. ஆனா இந்த ரெண்டைக் கேட்டுட்டுப் பார்த்தா, அதே படம் வேற மாதிரி தெரியுது. இந்த லிஸ்ட்டையும் அப்படித்தான் கேளுங்க.

ஒரே நெருப்பு, மேலேருந்தும் கீழேருந்தும்

அடுத்த ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லுவேன். பிரிக்கக் கூடாது.

ஒண்ணு 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்'. 1988, ஜப்பான், ஸ்டூடியோ ஜிப்லி, இசாவோ தகாஹாதா இயக்கினது. அனிமேஷன்தானேன்னு வீட்ல சின்னப் பசங்களுக்குப் போட்டுடாதீங்க. 1945-ல கோபே நகரத்துமேல அமெரிக்க விமானங்க நெருப்புக் குண்டு போடறாங்க. பதினாலு வயசுப் பையன் சேய்தா, நாலு வயசுத் தங்கச்சி செட்சுகோ. அம்மா போயிடறாங்க. அத்தை வீட்ல சோத்துக்குச் சொல்லிக் காட்டறாங்க. ரெண்டு பேரும் கிளம்பிப்போய் ஒரு பதுங்கு குழில குடித்தனம் பண்றாங்க. அவ்வளவுதான் கதை. அந்தப் பையன் செத்துப்போறது படத்தோட முதல் காட்சிலயே தெரிஞ்சுடும். அதனால "என்ன ஆகுமோ"ன்னு பதற்றம் கிடையாது. எப்படி ஆச்சுன்னு பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும், அது அதைவிடக் கஷ்டம்.

அந்தக் குழந்தை கைல ஒரு மிட்டாய் டப்பா இருக்கும். மிட்டாய் தீர்ந்ததும் அண்ணன் அதுல தண்ணி ஊத்திக் குலுக்கிக் கொடுப்பான். ஒட்டிக்கிட்டிருந்த இனிப்பு கரைஞ்சு வரும். அதைக் குடிச்சுட்டு அவ முகம் மலரும். நான் அந்த இடத்துல நிறுத்திட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன்.

இந்தக் கதையை எழுதின நோசாகா அகியுகி போர்ல தன் தங்கச்சியைப் பட்டினில பறிகொடுத்தவர். தகாஹாதாவுக்கும் ஒன்பது வயசுல இதே அனுபவம். ஒகயாமா நகரத்துல குண்டு விழுந்தப்போ அந்த நெருப்புல ஓடித் தப்பிச்சவர். அதனால அந்த நெருப்பு வரைஞ்ச நெருப்பு மாதிரியே இருக்காது.

இன்னொண்ணு 'தி ஃபாக் ஆஃப் வார்'. 2003, எர்ரல் மாரிஸ் எடுத்த ஆவணப்படம். படம் முழுக்க ஒரே ஒரு ஆள்தான் பேசறார். ராபர்ட் மெக்நமாரா. வியட்நாம் போர் நேரத்துல அமெரிக்காவோட பாதுகாப்பு அமைச்சர். பேசும்போது அவருக்கு 85 வயசு. நிறையப் பேர் வியட்நாமுக்காக இதைப் பார்ப்பாங்க. நான் சொல்றது அதுக்கு முன்னாடி வர்ற பகுதி. இரண்டாம் உலகப் போர்ல அவர் விமானப் படைல புள்ளிவிவர வேலை பார்த்தவர். குண்டு போடறதை எப்படி இன்னும் திறமையாச் செய்யலாம்னு கணக்குப் போடற வேலை. ஆமா, இன்னைக்கு நம்மள்ல பாதிப் பேர் பார்க்கற மாதிரி ஒரு டேட்டா வேலை.

எரிஞ்ச ஜப்பான் நகரங்களை அவர் ஒண்ணொண்ணாச் சொல்வார். டோக்கியோல 51 சதவீதம், அதாவது நியூயார்க் அளவு ஊர்ல பாதிக்கு மேல. நகோயா 40 சதவீதம், அது லாஸ் ஏஞ்சலஸ் அளவு ஊர். தோயாமா 99 சதவீதம். திரைல விமானத்துலேருந்து குண்டுக்குப் பதிலா எண்கள் விழும். டோக்கியோல ஒரே ராத்திரில ஒரு லட்சம் பேர் எரிஞ்சு செத்தாங்கன்னு அவரே சொல்வார். நாங்க தோத்திருந்தா எங்களைப் போர்க் குற்றவாளின்னு நிறுத்தியிருப்பாங்கன்னும் சொல்வார். அழறாரா, நியாயம் பேசறாரான்னு உங்களால தீர்மானிக்கவே முடியாது.

மேல அந்த எண்கள் இருக்கு, கீழ அந்த மிட்டாய் டப்பா இருக்கு. ஒரு சனிக்கிழமை ஒண்ணு, ஞாயித்துக்கிழமை ஒண்ணுன்னு பாருங்க. எதை முதல்ல பார்க்கறதுன்னு கேட்டா, கீழேருந்து ஆரம்பிங்க.

அந்தப் பையனோட முகம்

ஐந்தாவது, 'கம் அண்ட் ஸீ'. 1985, சோவியத் யூனியன், எலெம் கிளிமோவ். இதை முழுசாப் பார்த்து முடிக்க எனக்கு மூணு தடவை ஆச்சு. முன்கூட்டியே சொல்லிடறேன், ராத்திரி தனியா உக்காந்து பார்க்காதீங்க.

1943, பெலாரஸ். ஃபிளியோரான்னு ஒரு பையன் மண்ணைத் தோண்டி ஒரு துப்பாக்கி எடுக்கறான். துப்பாக்கி இருந்தா கெரில்லாப் படைல சேர்த்துக்குவாங்க. அவனுக்குப் பெருமை தாங்கலை. சினிமா பார்த்து வளர்ந்த நம்ம மாதிரியே அவனும் போரை ஒரு சாகசம்னு நினைச்சுக் கிளம்பறான். பக்கத்துல குண்டு விழுந்ததும் அவனுக்குக் காது அடைச்சுடும். அப்புறம் ரொம்ப நேரம் நமக்கும் அதே 'ங்ங்ய்'ங்கற சத்தம்தான் கேக்கும். ஹெட்ஃபோன் போட்டுப் பார்த்தா நிஜமாவே காது வலிக்கற மாதிரி இருக்கும். படம் முடியறப்போ அந்தப் பையன் முகம் கிழவன் முகமா ஆகியிருக்கும். சில நாள்ல நடக்கற கதை அது.

திரைக்கதைல ஒருத்தர் அலெஸ் அதமோவிச். அவரே சின்ன வயசுல கெரில்லாவா இருந்தவர். நாஜிங்க எரிச்ச கிராமங்கள்ல தப்பிச்சவங்களைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தவர். ஜனங்களோட சேர்த்து எரிக்கப்பட்ட பெலாரஸ் கிராமங்கள் 628னு படத்தோட கடைசில எழுத்துல வரும்.

பெரும்பாலான போர்ப் படங்கள்ல நமக்கு நடுநடுவுல ஒரு பழிவாங்கல் கிடைக்கும். வில்லன் சாவான், கைதட்டுவோம். இந்தப் படத்துலயும் அந்தப் பையன் கடைசில சுடறான். சேத்துல கிடக்கற ஹிட்லர் படத்தை. ஒவ்வொரு குண்டுக்கும் பழைய நியூஸ்ரீல் காட்சிங்க பின்னாடி ஓடும். இடிஞ்ச கட்டடம் எழுந்து நிக்கும், ஹிட்லருக்கு வயசு குறைஞ்சுக்கிட்டே வரும். கடைசில அம்மா மடில குழந்தையா நிக்கும் அந்தப் படம். அங்க அவன் என்ன செய்யறான்னு நான் சொல்லலை. அந்த ஒரு முடிவுக்காகத்தான் அவ்வளவு கொடுமையையும் நாம பார்த்திருக்கோம்னு தோணும்.

எம்டன் தெரியும்ல?

இதுக்கப்புறம் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆறாவது, 'தே ஷேல் நாட் க்ரோ ஓல்ட்'. 2018. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எடுத்த பீட்டர் ஜாக்சன்தான். முதல் உலகப் போர்ல எடுத்த நிஜமான ஃபிலிமை வெச்சே செஞ்ச ஆவணப்படம். அந்தக் காலக் கேமராவைக் கையால சுத்தணும். அதனாலதான் பழைய படங்கள்ல மனுஷங்க பொம்மை மாதிரி தத்தித் தத்தி ஓடுவாங்க. ஜாக்சன் குழு அந்த வேகத்தைச் சரி பண்ணி, கலர் கொடுத்தாங்க. உதட்டசைவைப் படிக்கறவங்களை உக்கார வெச்சு, சிப்பாய்ங்க என்ன பேசியிருப்பாங்கன்னு கண்டுபிடிச்சு, குரலும் போட்டாங்க.

ஆரம்பத்துல சின்னச் சட்டத்துக்குள்ள கறுப்பு வெள்ளைல ஓடும். சிப்பாய்ங்க பதுங்கு குழிக்கு வந்ததும் சட்டம் விரியும், கலர் வரும். சொத்தைப் பல்லோட ஒரு பையன் கேமராவைப் பார்த்துச் சிரிப்பான். நூறு வருஷம் முன்னாடி ஆளுன்னே தோணாது. நம்ம காலேஜ் கேன்டீன்ல பார்த்த ஆள் மாதிரி இருப்பான்.

இங்கயும் ரெண்டாவது கேள்வியைக் கேளுங்க. அந்தப் போருக்கு இந்தியாவுலேருந்து போனவங்க பத்து லட்சத்துக்கு மேல. இந்தப் படம் பிரிட்டிஷ் சிப்பாய்ங்களோட கதைன்னு எல்லை போட்டுக்கிச்சு, அதனால அவங்க கதை இதுல இல்லை. அது தூர தேசத்துப் போர்னு நினைக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்கற ஜெர்மன் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துகிட்ட வந்து எண்ணெய் டாங்குங்கமேல குண்டு போட்டுச்சு. ஹைகோர்ட் சுவர்ல அதுக்கு ஒரு கல்வெட்டு இருக்கு. விவகாரமான ஆளை "சரியான எம்டன்"னு சொல்றோமே, அந்த வார்த்தை அந்தப் போர் நம்மகிட்ட விட்டுட்டுப் போனது.

கேமராவைக் கைல வெச்சிருந்தவங்க

ஏழாவது, 'ஃபார் சாமா'. 2019. சிரியால அலெப்போ நகரம். வாத் அல்-கதேப்னு ஒரு இளம்பெண் கேமராவோட அந்த ஊர்லயே இருக்காங்க. காதலிக்கறாங்க, ஹம்ஸாங்கற டாக்டரைக் கல்யாணம் பண்றாங்க, குழந்தை பிறக்குது. எல்லாம் முற்றுகைக்கும் குண்டுவீச்சுக்கும் நடுவுல. அந்தக் குழந்தை பேர்தான் சாமா. "நாங்க ஏன் ஊரை விட்டுப் போகலை"ன்னு அவளுக்குப் பின்னாடி புரியணுங்கறதுக்காக அம்மா சொல்ற மாதிரி படம் போகும். எட்வர்ட் வாட்ஸ் கூடச் சேர்ந்து இயக்கியிருக்கார்.

இதுல கேமரா யார் பக்கத்துலயும் போய் நிக்கலை. குண்டு விழற வீட்டுக்காரங்க கைலயே இருக்கு. குண்டுச் சத்தம் கேட்டா மத்த குழந்தைங்க மாதிரி சாமா அழமாட்டா. அவ அழாம இருக்கறதுதான் நம்மளை என்னவோ பண்ணும். அடிபட்ட ஒரு கர்ப்பிணியைத் தூக்கிட்டு வருவாங்க. அறுத்துக் குழந்தையை எடுப்பாங்க. அசைவே இருக்காது. தேய்ப்பாங்க, தட்டுவாங்க, தலைகீழாப் பிடிப்பாங்க. நானும் மூச்சை அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன். மீதியை நீங்களே பாருங்க.

எட்டாவது என்னன்னு நிறையப் பேர் மனசுல ஓடிக்கிட்டிருக்கும். 'நோ ஃபயர் ஸோன்', 2013, கேலம் மேக்ரே. இலங்கைல 2009-ல போரோட கடைசி மாசங்கள். இதுல காட்சிங்க ரெண்டு பக்கத்துலேருந்தும் வருது. உள்ள மாட்டிக்கிட்டவங்க எடுத்தது ஒரு பக்கம். கொன்னவங்க வெற்றிச் சின்னம் மாதிரி தங்களோட ஃபோன்ல எடுத்து வெச்சுக்கிட்டது இன்னொரு பக்கம். அந்த ரெண்டாவது வகையைப் பார்க்கறது வேற அனுபவம். இந்த லிஸ்ட்ல என்னால "பாருங்க"ன்னு சுலபமாச் சொல்ல முடியாத படம் இது ஒண்ணுதான். தாங்க முடியும்னு தோணுறப்போ பாருங்க. குடும்பத்துல யாரையாவது இழந்தவங்க பார்க்கவே வேண்டாம், உங்களுக்கு யாரும் காட்ட வேண்டியதில்லை.

ஒன்பதாவது, சுருக்கமா. 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்', 1966, ஜில்லோ பொன்டெகார்வோ. பிரெஞ்சுக்காரங்ககிட்டேருந்து அல்ஜீரியா விடுதலை கேட்ட கதை. நியூஸ்ரீல் மாதிரியே இருக்கும், ஆனா ஒரு அடிகூட நிஜ நியூஸ்ரீல் கிடையாது. அந்தப் போராட்டத்துல தளபதியா இருந்த சாதி யாசெஃப்பே நடிச்சிருக்கார். ரெண்டு பக்கமும் அப்பாவிங்களைக் கொல்றதைக் காட்டும். நீங்க யார் பக்கம்னு நடுவுல ரெண்டு மூணு தடவை உங்களுக்கே குழப்பம் வரும். வரட்டும்.

அந்த மெயிலுக்குப் பதில்

கிள்ளானுக்கு நான் கடைசில எழுதினது இதுதான். "தங்கச்சி, அந்தப் படத்துல அவங்க எங்கயும் வரலை. எனக்கு அது தெரியாம இருந்திருக்கு. மன்னிச்சுக்கோங்க. உங்க பாட்டிகிட்ட அவரைப் பத்திக் கேட்டு எழுத முடியுமா?"

ரெண்டு வாரம் கழிச்சுப் பதில் வந்துச்சு. அவங்க சம்மதத்தோடதான் சொல்றேன். பாட்டிக்கு அப்போ நாலு வயசு. அப்பா முகம் ஞாபகம் இல்லையாம். அவர் கிளம்பற அன்னைக்கு, பால்மரம் வெட்டற கத்தியை லயத்து வீட்டுக் கூரைல செருகி வெச்சுட்டு, "மூணு மாசத்துல வந்துடுவேன், யாரும் தொடாதீங்க"ன்னு சொன்னது மட்டும் ஞாபகம் இருக்காம். துருப்பிடிச்சு உதிர்ற வரைக்கும் யாரும் தொடலையாம்.

இதை எந்த லைப்ரரிலயும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பொண்ணு கேட்டாங்க, பாட்டி சொன்னாங்க, இப்போ அவங்க ஃபோன்ல பாட்டி குரல்ல இருக்கு.

உங்க வீட்லயும் யாராவது இருக்கலாம். 1942-ல ஜப்பான்காரங்க வந்தப்போ பர்மாலேருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினாங்க. நிறையப் பேர் காடும் மலையுமா நடந்தே வந்தாங்க. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த தாத்தா பாட்டிங்க இன்னும் நம்ம ஊர்ல இருக்காங்க. இந்த வாரம் ஒரு படம் பாருங்க. அடுத்த வாரம் ஊருக்கு ஃபோன் போட்டு, "உங்க அப்பா அம்மா போர் நேரத்துல எங்க இருந்தாங்க?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. ரெக்கார்ட் பட்டனை அழுத்திட்டுக் கேளுங்க. அவங்க "அதெல்லாம் எதுக்கு இப்போ"ம்பாங்க. கொஞ்ச நேரம் சும்மா இருங்க, தானா ஆரம்பிப்பாங்க.

கிடைச்சதை எனக்கும் எழுதுங்க. இந்தத் தடவை பதில் போட நாலு மாசம் எடுத்துக்க மாட்டேன். அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.